ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

என் அண்ணன் என்னைவிட ஒரு வயது சின்னவன். நான் சொல்லவில்லை, பள்ளிக்கூடச் சான்றிதழ் சொல்கிறது. பெற்றவளைக் கேட்டால் அவன் என்னைவிட இரண்டு வயதுக்கு மேல் பெரியவன். காகிதத்தில் எங்கள் இருவருக்கும் பிறந்தநாள் ஜூன் ஒன்று. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கும் அதே நாள்தான். கோலார் தங்கவயலில் அந்தக் காலத்தில் ஜூன் ஒன்றாம் தேதி மட்டும்தான் பிள்ளை பெற்றார்கள் போலிருக்கிறது.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அண்ணனுக்கு அடுத்தடுத்து உடம்புக்கு வந்ததால் ஏழு வயதுவரை அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமலே விட்டிருந்தார்கள். எனக்கு ஐந்து முடிய இன்னும் சில மாதம் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்று அம்மா முடிவு செய்தாள். நைனா ராத்திரி ஷிப்ட் முடித்து, தூக்கக் கண்ணோடு அம்மாவையும் எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

தலைமையாசிரியர் வயது பார்க்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். நான் வளர்த்தி. கை நீளம். தொட்டது மட்டுமல்ல, காதைப் பிடித்து ஆட்டியும் காட்டினேன். "ஆறு" என்று எழுதினார். அண்ணன் காய்ச்சலில் காய்ந்து கிடந்தவன். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான், விரல் காதுப் பக்கமே வரவில்லை. தலைமையாசிரியருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"பரவால்ல, அஞ்சுன்னு போட்டுக்கிறேன்."

"சார், அவன்தான் பெரியவன்" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. ஆம்பளப் பையன், வயசு கம்மியா இருந்தா நல்லது. நாளைக்கு சர்க்கார் வேலைக்கு ரெண்டு வருசம் கூடக் கெடைக்கும்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. நைனா கையெழுத்துப் போட்டார். பெண்ணுக்குக் கூடிப்போன வருடத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. 'பொண்ணுக்கு?' என்று ஒரு வார்த்தை அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், இதை நான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்காது. எங்கள் இருவரின் சரியான பிறந்த தேதியும் சுரங்க ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் அழகாக இருந்தது. அதை யார் போய்க் கேட்பது?

அப்படித்தான் அண்ணனும் நானும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் பத்தாவது வரை படித்தோம். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் எதை எழுதியிருந்தாலும் அவன் அண்ணன், நான் பாப்பா. என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். என் பின்னலை எவனாவது இழுத்தால் அவனைப் போய் அடித்துவிட்டு வந்து, வழியிலேயே தானும் ஒரு தரம் இழுப்பான். கணக்கை என்னைப் பார்த்து எழுதுவான். வீட்டுக்கு வந்து, "பாப்பாவுக்குக் கணக்கு நான்தாம்மா சொல்லிக்குடுத்தேன்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரும் கட்டிப் புரளுவோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுரங்கம் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தது. நைனா ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். நாங்கள் பெங்களூரில் ஜோகுபாளையத்துக்குக் குடிவந்தோம். பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்து மூன்றாவது சந்தில் இரண்டு அறை. அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டப் போனான். நான் தட்டச்சு ஹையர் பாஸ் செய்துவிட்டு, அல்சூரில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் உட்கார்ந்தேன். பத்திரம், விண்ணப்பம், கல்யாணத்துக்கு வரன் தேடும் கடிதம் என்று எது வந்தாலும் என் விரல் வழியாகத்தான் போகும். விசையைப் பார்க்காமலே அடிப்பேன். அந்தக் கர்வம் எனக்கு நிறைய உண்டு.

அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் சனி பிடித்தது. அண்ணனுடைய முதலாளி கம்ப்யூட்டரில் ஓடும் லேத் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். நான்கு பழைய லேத் செய்த வேலையை அது ஒன்றே செய்தது. அந்த நான்கும் பழைய இரும்புக்குப் போயின. அவற்றை ஓட்டியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். என் கடைக்கு எதிரிலேயே கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் கடை திறந்தார்கள். அங்கே பிழை விட்டால் அழித்துக்கொள்ளலாமாம், தாள் வீணாகாதாம். எங்கள் முதலாளி மத்தியான நேரத்தில் டைப்ரைட்டர்களுக்குத் துணி போட்டு மூடிவிட்டு, வாசலில் நின்று எதிர்க்கடைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றார்.

அந்த நேரத்தில் அண்ணன் ஒரு விண்ணப்பத் தாளோடு வந்தான். ஒன்றல்ல, இரண்டு.

"பாப்பா, ரெண்டு சர்க்காரு சேர்ந்து ஒரு ட்ரெயினிங் வைக்கிறாங்க. புது மெஷினு வந்து வேலை போன பசங்களுக்கு அந்தப் புது மெஷினையே கத்துத் தர்றாங்களாம். பொண்ணுங்களும் வரலாமாம். நீயும் போடு."

குளிர்நாடு ஒன்றின் அரசாங்கமும் நம் அரசாங்கமும் கையெழுத்துப் போட்ட திட்டம் அது. இயந்திரமும் ஆசிரியர்களும் அவர்கள் பொறுப்பு. கட்டடமும் கரண்டும் நம் பொறுப்பு. அதனால் கட்டடம் இருந்தது, கரண்ட் வந்து வந்து போனது. பீன்யாவில் ஆறு மாதம் படிப்பு. அதன் பிறகு ஒரு வருடம் அந்த நாட்டிலேயே தொழிற்சாலையில் வேலை பழகிவிட்டு வரலாம். விண்ணப்பத்தில், இளைஞர்களுக்கு, முப்பது வயதுவரை என்று போட்டிருந்தது. இரண்டு பேரும் போட்டோம், இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது.

ஒரு வாரம் தேர்வு நடந்தது. நாற்பது பேர் இருந்திருப்போம், பெண்கள் நாங்கள் மூன்று பேர். கடைசி நாள் ஒவ்வொருவரையும் அந்த இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினார்கள். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் பத்து வரி, எல்லாம் எழுத்தும் எண்ணுமாக. அதை இயந்திரத்தின் விசைப்பலகையில் அடிக்க வேண்டும். இரண்டு வரியில் வேண்டுமென்றே தவறு வைத்திருப்பார்கள், கூடவே இருக்கும் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். பையன்கள் ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு விரல் தானாக ஓடியது. தவறு இரண்டும் அடிக்கும்போதே இடறின. வாரம் முழுக்க அந்த மாதிரிப் படத்தைப் படிக்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்த அளவில் வெட்டினால் வெட்டும் கருவியின் முனை உடைந்துபோகும் என்று பார்த்ததுமே தெரிந்தது. திருத்திவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். கதவு மூடிக்கொண்டது. உள்ளே வெள்ளை வெளேரென்று பால் மாதிரி தண்ணீர் பீய்ச்சியது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் அடித்த ஒவ்வொரு வரியும் உள்ளே நடந்துகொண்டிருந்தது. அதுவரை நான் அடித்ததெல்லாம் தாளோடு நின்றுபோயிருந்தது. யாரோ மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். முதல்முறையாக நான் அடித்தது ஒரு பொருளாக வெளியே வந்தது. பம்பரம் மாதிரி ஒரு சின்ன அலுமினியத் துண்டு. கையில் வாங்கியபோது இன்னும் சூடாக இருந்தது.

அந்தத் துண்டை நான் பட்டியலில் பதிந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்க மனம் வரவில்லை. அந்த நாட்டு ஆசிரியர் கையை நீட்டியபடி நின்றார். பிறகு சிரித்துவிட்டு, விரலை மடித்துக்காட்டினார், வைத்துக்கொள் என்று. எனக்கு வாழ்க்கையில் எதன்மேலும் அத்தனை ஆசை வந்ததில்லை. புடவை, நகை, கல்யாணம் எதன்மேலும். அந்த இயந்திரத்தின் முன்னால் தினமும் நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பெண்களில் நான் முதல். மொத்தத்தில் மூன்றாவது. அண்ணன் பதினொன்றாவது. பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். அவனுக்குத் தன் இடத்தைவிட என் இடம்தான் பெரிதாக இருந்தது. டீக்கடையில் பையன்களிடம், "மூணாவது யாரு தெரியுமா? எங்க பாப்பா. என் தங்கச்சி" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான்.

நான்காம் நாள் ஃபேக்ஸ் வந்தது. அந்த நாட்டுச் சட்டப்படி இளைஞர் என்றால் இருபத்தைந்து முடியாதவர்தானாம். அதற்கு மேற்பட்டவர்களுக்கு அவர்கள் தரும் பணத்தைச் செலவு செய்யக் கூடாதாம். நம் ஆட்கள் முப்பது என்று அச்சடித்தபோது அவர்களைக் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இரண்டு அரசாங்கம் எத்தனையோ கூட்டம் போட்டுக் கைகுலுக்கியிருக்கும், இளைஞர் என்றால் யார் என்று மட்டும் பேசிக்கொள்ளவில்லை. நம் ஊரில் நரைத்த தலையோடு இளைஞர் அணித் தலைவராக இருக்கிறார்கள். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு அப்போது உண்மையில் இருபத்துநான்கு. காகிதத்தில் இருபத்தைந்து முடிந்திருந்தது. அண்ணனுக்கு உண்மையில் இருபத்தாறு. காகிதத்தில் இருபத்துநான்கு. தகுதி இருந்த நான் வெளியே, தகுதி இல்லாத அவன் உள்ளே.

வீட்டில் சொன்னதும் அம்மா, "இவன் பேரு நிக்குதுல்ல? அது போதும்" என்றாள். நைனா சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து கை கழுவினார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் ரயிலேறித் தங்கவயலுக்குப் போனேன். சுரங்க ஆஸ்பத்திரி கிளார்க்கைப் பிடித்து, பழைய பதிவேட்டை எடுக்கச் சொல்லி, என் பிறந்த தேதிக்கு முத்திரையோடு ஒரு சீட்டு வாங்கினேன். அக்டோபர் மாதம் பிறந்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஏதோ சொத்துப் பத்திரம் கிடைத்தது போல மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சான்றிதழ்ப்படி அண்ணன் பிறந்தது ஜூன் ஒன்று. இந்தச் சீட்டின்படி நான் பிறந்தது அதே வருடம் அக்டோபர். ஒரே அம்மா வயிற்றில் நான்கு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளை! இந்தச் சீட்டை நான் நீட்டினால் எந்த அதிகாரியும் அடுத்ததாகக் கேட்கப்போவது அண்ணனுடைய சீட்டைத்தான். என் வயது சரியானால் அவன் வயதும் சரியாகும். நான் உள்ளே போனால் அவன் வெளியே வருவான். இறங்க வேண்டிய கிருஷ்ணராஜபுரம் வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து நேர்முகம். விளக்கம் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று என்னைப் போன்றவர்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். சீட்டு என் பையில் இருந்தது. என்ன செய்யப்போகிறேன் என்று வாசல்வரை எனக்கே தெரியாது. ஒரே வீட்டு விலாசம், ஒரே அப்பா பெயர் என்று பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். அந்த நாட்டு அரசாங்கத்திலிருந்து வந்த அம்மாள் ஒருவர், பக்கத்தில் நம் அதிகாரி. அவர் கன்னடக்காரர், ஆனால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

"கூத்கொள்ளி, உக்காருங்க. ஒரு சின்ன டவுட்டு. சர்டிஃபிகேட்ல அக்கா, தம்பின்னு இருக்கு. ஆனா வெளிய பசங்க எல்லாம் தங்கச்சி, தங்கச்சிங்கறாங்க. மேடம் கேக்கறாங்க, உங்க ரெண்டு பேர்ல யாரு பெரியவங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த முகம் எனக்குத் தெரியும். கணக்கை என்னிடமிருந்து பார்த்து எழுதிவிட்டு, சாயங்காலம் மனசு கேட்காமல் வாத்தியாரிடம் போய் ஒப்புக்கொள்வானே, அதே முகம். உண்மையைச் சொல்லப்போகிறான். எழுந்து நின்றான்.

"சார், அது வந்து, நான்தான்..."

"நீ சும்மா இருடா, தம்பி. நான் சொல்றேன்."

என் வாயில் இருந்துதான் வந்தது. பிறந்ததிலிருந்து அவனை நான் 'டா' போட்டதில்லை. எத்தனை கட்டிப் புரண்டிருந்தாலும் 'அண்ணா' தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் சார் அக்கா. இவன் தம்பி. சின்ன வயசுல வீட்ல எல்லாரும் என்னைப் பாப்பான்னு கூப்பிடுவாங்க, அதையே பிடிச்சுக்கிட்டு வெளியில தங்கச்சின்னு வெளையாட்டுக்குச் சொல்லிட்டுத் திரியறான்."

அதிகாரி சிரித்தார். மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த அம்மாளும் சிரித்தார். தனக்கும் ஒரு தம்பி உண்டு, அவனும் இப்படித்தான், மரியாதையே கிடையாது என்றாராம். பிறகு என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றார். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் தியாகம் ஒன்றும் செய்யவில்லை. சீட்டை நீட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் அம்மா பார்க்கப்போகும் பார்வைக்குப் பயந்தேன். அவன் கூனிக் குறுகி இன்னொரு பட்டறை வாசலில் நிற்பதை நினைத்துப் பயந்தேன். அவன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி அந்தச் சீட்டை, நைனாவின் சுரங்கக் காகிதங்கள் இருக்கும் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். அப்படி ஒன்று இருப்பதை அண்ணனிடம் சொல்லவில்லை.

அவன் ஆறு மாதம் பீன்யாவில் படித்தான். பிறகு விமானம் ஏறினான். முதல் கடிதம் வந்தது. 'அன்புள்ள அக்காவுக்கு' என்று தொடங்கியிருந்தது. கடிதங்களை விடுதியில் யாராவது பார்ப்பார்கள் என்ற பயமாம்; கூடப் போனவர்களில் தமிழ்ப் பையன்களும் உண்டே. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டாவது கடிதத்திலும் அக்கா. அங்கே பனி கொட்டுகிறது அக்கா, இன்றைக்கு ஐந்து அச்சில் திரும்பித் திரும்பி வெட்டும் இயந்திரத்தைத் தொட்டேன் அக்கா, நீங்கள் இருந்திருந்தால் என்னைவிடச் சீக்கிரம் பிடித்திருப்பீர்கள் அக்கா. 'நீங்கள்' என்று எழுதியிருந்தான். பிறகு நான் சிரிக்கவில்லை.

ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தான். ஏர்போர்ட் ரோட்டில் இருந்த பழைய விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தோம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான், கொஞ்சம் சதை போட்டிருந்தான். பாப்பா என்று கத்துவான், பின்னலை இழுப்பான் என்று நின்றுகொண்டிருந்தேன். கிட்டே வந்து, "நல்லாருக்கீங்களாக்கா?" என்றான்.

அப்புறம் அந்த 'அக்கா' அப்படியே நிலைத்துவிட்டது. அவனுக்கு நல்ல வேலை கிடைத்தது. நைனா நிம்மதியாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். என் கல்யாணத்தை அண்ணன்தான் முன்னின்று நடத்தினான். நான் எதிர்க்கடையிலேயே வேலைக்குச் சேர்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். பிறகு ஜோகுபாளையத்திலேயே சின்னதாகக் கடை போட்டேன். பழைய வீட்டில் அண்ணன், இரண்டு தெரு தள்ளி நான். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பான். வண்டி வாங்குவதென்றாலும், வீட்டுக்கு வண்ணம் அடிப்பதென்றாலும், "அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்பான். நான் வேண்டுமென்றே அநியாயமாகப் பேசிப் பார்ப்பேன். பதில் பேச மாட்டான். ஒருமுறை, "நீ செய்யறது சுத்த முட்டாள்தனம்" என்று கத்தினேன். "நீங்க சொன்னா சரிதாங்க்கா" என்றான். எனக்கு ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அந்த இயந்திரத்தைப் பற்றிய ஏக்கம் வருடத்துக்கு வருடம் குறைந்தது. அலுமினியத் துண்டு என் கடை மேசையில் தாள் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று மட்டும் குறையவில்லை. என்னை யாரும் பாப்பா என்று கூப்பிடுவதில்லை. அவனுக்குப் பெண் பிறந்தது. வீட்டில் அவளை எல்லாரும் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும்தான். முதல்முறை அவன் வாயிலிருந்து அதைக் கேட்டபோது நான் சமையலறையிலிருந்து "என்னண்ணா?" என்றுவிட்டேன். யாருக்கும் கேட்கவில்லை.

நைனா தவறிப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சுரங்கத்துக்காரர்களின் குடும்பத்துக்கு ஏதோ பாக்கி வருகிறதாம் என்று சொல்லி, அண்ணன் டிரங்குப் பெட்டியைக் கூடத்தில் வைத்துக் காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் எதிரில் உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சீட்டு அதில் இருக்கிறது என்பதையே மறந்துபோயிருந்தேன். அவன் பிரித்துப் படித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. என் பிறந்த தேதியைப் படித்தான். கீழே முத்திரையைப் படித்தான். முத்திரையிலிருந்த தேதி நேர்முகத்துக்கு இரண்டு நாள் முந்தையது. அதை இரண்டு தரம் படித்தான்.

"இது அன்னைக்கு உங்க கையில இருந்துச்சா?"

கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்தேன்.

"பையில வச்சுக்கிட்டா வந்தீங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவன் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எத்தனையோ வருடம் கழித்து என்னை நேராக, கண்ணுக்குக் கண் பார்த்தான், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பானே, அப்படி.

"ஏன் சொல்லல, பாப்பா?" என்றான்.

உள்ளே அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவன் பெண் பென்சிலும் கையுமாக ஓடி வந்து வாசற்படியில் நின்றாள்.

"என்னப்பா? என்ன சொல்லல?"

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உன்ன இல்லம்மா" என்றான்.